கூகுள் டூடுலில் வந்த லூசி வில்ஸ்... ரத்தசோகைக்குக் காரணம் தேடிய டாக்டரைத் தெரியுமா?

பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதல்ல எதைப் பார்ப்பீங்க? ஹீமோகுளோபின்தானே! பெண்களுக்கு அது 12-க்குக் கீழே போனா ரத்தசோகை. உடனே வீட்டுல பேரீச்சம்பழம் வாங்கி வெச்சுடுவாங்க. ஆனா, குறைவுன்னு தெரிஞ்சா போதாது, ஏன் குறைஞ்சதுன்னும் தெரியணும். அந்தக் காரணத்தைத் தேடி இந்தியாவுக்கு வந்தவர்தான் லூசி வில்ஸ். 2019-ல அவரோட பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல்கூட போட்டுச்சு.

1888 மே 10-ல் இங்கிலாந்தில் பிறந்தார் லூசி. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படிச்சார். ஆனா, பட்டம் கிடைக்கலை. அந்தக் காலத்துல அங்கே பெண்களுக்குப் பட்டமே கொடுக்க மாட்டாங்க! பிறகு, லண்டனில் மருத்துவம் படிச்சு 1920-ல் டாக்டரானார்.

1928-ல் பம்பாய் வந்தார். ஜவுளி மில்களில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள், கர்ப்பமா இருக்கும்போது கடுமையான ரத்தசோகையால உயிரையே இழந்துட்டு இருந்தாங்க. இரும்புச்சத்து குறைஞ்சா ரத்த சிவப்பணுக்கள் சின்னதாகும். ஆனா, இந்தப் பெண்களோட அணுக்கள் வழக்கத்தைவிடப் பெருசா இருந்துச்சு. அப்போ, இது வேற பிரச்னை!

கிருமியா இருக்குமோன்னு தேடினார், சிக்கலை. அடுத்து, அவங்க சாப்பாட்டை ஆராய்ந்தார். சத்தில்லாத சாப்பாடு சாப்பிட்டவங்களுக்குத்தான் நோயும் அதிகமா வந்திருந்தது. இடையில் 1929-ல் நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலும், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார்.

திருப்புமுனை ஒரு குரங்குகிட்ட இருந்து வந்துச்சு. ரத்தசோகை வந்த குரங்குக்கு மார்மைட் கொடுத்தார். பீர் தயாரிப்பில் மிஞ்சுற ஈஸ்ட்டில் செஞ்சு, பிரெட்டில் தடவிச் சாப்பிடுற விலை மலிவான அயிட்டம் அது. குரங்கு தேறிடுச்சு. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தப்போ அவங்களும் தேறினாங்க. 1931-ல் இதைக் கட்டுரையா வெளியிட்டார். அதுல என்ன சத்து இருக்குன்னு தெரியாததால, வில்ஸ் ஃபேக்டர்னே பேர் வந்துச்சு. 1941-ல் அதைப் பசலைக்கீரையிலிருந்து பிரிச்சு எடுத்தாங்க. அதுதான் ஃபோலிக் ஆசிட். இன்னிக்கு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்குற மாத்திரையில் இரும்புச்சத்தோட இதுவும் இருக்கு.

1964-ல் லூசி மறைந்தார். ஆனா, அவர் தேடின கேள்வி இன்னும் பழசாகலை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, 15 முதல் 49 வயசுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கும், 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள இருக்குற குழந்தைகளில் 67 சதவிகிதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கு. ஒரு துளி ரத்தத்தில் ஹீமோகுளோபினை அளந்து எடுத்த கணக்கு இது. எத்தனை பேருக்குன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது.

உங்க சிபிசி ரிப்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்க. எம்சிவி-ன்னு ஒரு வரி இருக்கும். சிவப்பணுவோட சைஸ் அதுதான். ஹீமோகுளோபின் குறைவா இருந்தா, நீங்களா மாத்திரை வாங்கிப் போடாம, என்ன காரணம்னு டாக்டர்கிட்ட கேளுங்க. லூசி கேட்ட அதே கேள்வி!