வெறுங்காலில் நின்ற மதில்



நம் திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? 217 அடி உயர ராஜகோபுரத்தைத்தான்! அண்ணாந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். அதன் இரண்டு பக்கமும் நீண்டு போகும் கருங்கல் மதிலை யாராவது நின்று பார்க்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. ஆனாலும் கோயிலைச் சுற்றி நின்று காப்பது அந்த மதில்தான்.

விளையாட்டிலும் இப்படித்தான். கோல் அடிப்பவர் கோபுரம், தடுப்பவர் மதில். அமெரிக்கர்கள் 'அமெரிக்கக் கால்பந்து' என்று ஓர் ஆட்டம் ஆடுவார்கள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. அதில் ஐந்து பேருக்கு ஒரே வேலை. முன்வரிசையில் நின்று, பந்து வைத்திருக்கும் தோழனை எதிரணியினர் நெருங்காதபடி உடம்பால் தடுக்க வேண்டும். புள்ளி எடுத்துப் பெயர் வாங்குவது வேறொருவர்.

நம் நாட்டுக் கால்பந்திலும் அப்படி ஒரு மதில் இருந்தார். அவர் பெயர் கோஸ்தா பால். அவருடைய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கோஸ்தா 1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி, கிழக்கு வங்கத்தில் போஜேஸ்வர் என்ற கிராமத்தில் பிறந்தார். அந்தக் கிராமம் இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. சிறு வயதிலேயே அவர் கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். அங்கே குமார்துலி என்று ஒரு பகுதி உண்டு. துர்கா பூஜைக்குக் களிமண் சிலைகள் செய்வதில் பேர்பெற்ற இடம். அந்தப் பகுதி அணியில்தான் அவர் முதலில் பந்து உதைத்தார். அப்போது அவருக்கு வயது 11!

1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் ஓர் அதிசயம் நடந்தது. மோகன் பகான் என்ற இந்தியர்களின் அணி, வெள்ளையர்களின் ராணுவ அணி ஒன்றை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. வென்ற 11 பேரில் 10 பேர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். ஆங்கிலேயர்கள் நம்மை ஆண்ட காலம் அல்லவா? ஊரே திருவிழாக் கோலம் பூண்டது. அப்போது கோஸ்தாவுக்கு வயது 14. உங்களில் சிலருடைய வயது!

அடுத்த ஆண்டே, 16 வயதில், அதே மோகன் பகான் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது.

அவர் ஆடிய இடம் பின்வரிசை. அந்தக் காலத்தில் ஐந்து பேர் முன்னால் நின்று தாக்குவார்கள். மூன்று பேர் நடுவில் நிற்பார்கள். கோல் காப்பாளருக்கு முன்னால் நிற்பது இரண்டே இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரில் ஒருவர் நம் கோஸ்தா. எதிரணியின் ஐந்து பேர் பாய்ந்து வந்தால் இவர்கள்தான் சமாளிக்க வேண்டும்.

அதுவும் எப்படி? வெறுங்காலில்!

கிரிவலம் போயிருக்கிறீர்களா? 14 கிலோமீட்டரும் செருப்பில்லாமல் நடக்கும்போது சின்னக் கல் குத்தினாலே துள்ளுகிறோம். கோஸ்தாவின் எதிரே வந்தவர்களோ கனமான தோல் பூட்ஸ் போட்ட சிப்பாய்கள். அந்த பூட்ஸ் வெறுங்காலில் விழுந்தால் எப்படி வலித்திருக்கும்! மழை வந்தால் இன்னும் சிரமம். கல்கத்தா லீக் ஆட்டங்கள் மழைக்காலத்தில் நடப்பவை. சேற்றில் பூட்ஸ் பிடித்து நிற்கும், வெறுங்கால் வழுக்கும்.

அப்படியும் கோஸ்தா நின்றார். அவரைத் தாண்டிப் போவது அவ்வளவு கடினமாக இருந்தது. அதனால் அவருக்குச் 'சீனப் பெருஞ்சுவர்' என்ற பட்டப்பெயர் வந்தது. 1921-ல் மோகன் பகானின் தலைவரானார். 1926 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

சரி, எத்தனை கோப்பைகள் வென்றார் என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு செய்தி இருக்கிறது.

1923-ல் அவருடைய அணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டம் வரை போனது. தோற்றது. அதே ஆண்டு பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். அதிலும் தோல்வி. கல்கத்தா லீக்கில் பல முறை இரண்டாம் இடம். முதலிடம் மட்டும் கிடைக்கவில்லை. 1933-ல் இலங்கைக்குச் சென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கும் பெருமை அவருக்குக் கிடைத்தது. 1935-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1939-ல் மோகன் பகான் முதல்முறையாக லீக்கை வென்றது. கோஸ்தா அப்போது அணியில் இல்லை!

20 ஆண்டுகளுக்கும் மேலாக ஆடியவர். கோல் அடிப்பது அவர் வேலை இல்லை. லீக் கோப்பையும் கேடயமும் அவர் கைக்கு வரவில்லை. அவர் பட்ட பாடு வீணா?

இல்லை என்று நாடே சொன்னது. 1962-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்த விருதைப் பெற்ற முதல் கால்பந்து வீரர் அவர்தான். 1976-ல் அவர் மறைந்தார். கல்கத்தாவில் ஈடன் கார்டன் மைதானத்துக்கு அருகே அவருக்குச் சிலை வைத்தார்கள். ஒரு சாலைக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள். 1998-ல் இந்திய அஞ்சல் துறை அவர் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது. அந்த நாளில் கோல் அடித்த எத்தனையோ பேரின் பெயர் மறந்துபோனது. தடுத்து நின்றவரின் பெயர் நிலைத்தது.

நான் ஆசிரியராக இருந்தபோது விளையாட்டு நேரத்தில் அணி பிரிப்பேன். எல்லாப் பிள்ளைகளும் முன்னால்தான் நிற்பேன் என்று அடம்பிடிப்பார்கள். கடைசியாகப் பின்வரிசையில் மாட்டிக்கொள்பவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவான். அவனுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டோமே என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நாளை உங்களைப் பின்வரிசையில் நிறுத்தினால் மகிழ்ச்சியாகப் போய் நில்லுங்கள். உங்கள் தோழன் ஒரு பந்தைத் தடுத்தால், கோல் அடித்தவனுக்குத் தட்டுவது போலவே அவனுக்கும் கை தட்டுங்கள். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது, கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு அந்த மதிலையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சரிதானே?