கோர்ட்டில் சிக்கிய தர்மம் கல்லூரி ஆயிற்று!

பச்சையப்ப முதலியார் 1754-ம் ஆண்டு பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே தந்தை காலமாகி விட்டார். தாயார் பெரியபாளையத்தில் கஷ்டப்பட்டு மகனை வளர்த்தார்.

சென்னையில் பவுனி நாராயண பிள்ளை என்பவர் ஆதரவு கொடுத்தார். பச்சையப்பர் துபாஷ் ஆனார். வெள்ளையருக்கும் நம்மவருக்கும் இடையே பேசி வியாபாரத்தை முடித்துக் கொடுப்பது அந்த வேலை. பணம் குவிந்தது.

கோவில்களுக்கும் தர்மங்களுக்கும் உயில் எழுதி வைத்து விட்டு, 1794-ம் ஆண்டு, 40 வயதில் மறைந்தார்.

உயில் நிறைவேறியதா? இல்லை! பொறுப்பில் இருந்தவர்கள் தர்மத்தை நடத்தவில்லை. பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியால் கோர்ட்டு பணத்தை மீட்டது. கோவில் தர்மங்களுக்குப் போக மிஞ்சிய சுமார் 4½ லட்சம் ரூபாய் கல்விக்கு ஒதுக்கப்பட்டது.

1842-ல் சென்னையில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1889-ல் அது முதல் தரக் கல்லூரியாக உயர்ந்தது. 1940-ல் சேத்துப்பட்டுக்கு மாறியது. முதலில் இந்து மாணவர்களுக்கு மட்டுமே இடம். 1947-ல் எல்லா மதத்தினருக்கும் கதவு திறந்தது.

அதே ஆண்டு காஞ்சீபுரத்திலும் பச்சையப்பன் கல்லூரி தோன்றியது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வட்டாரத்துப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்காகச் சென்னை வரை போக வேண்டியதில்லை என்றாயிற்று.

தகப்பன் முகம் காணாத பிள்ளையின் பணம், தலைமுறை தலைமுறையாக ஊரார் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது!