வெறுங்கால் ஆட்டத்துக்கு எண்ட் கார்டு: யார் இந்த ரஹீம்?

உலகக் கோப்பை ஃபுட்பால் வந்தா திருப்பூருக்கு ஜெர்சி ஆர்டரும் வந்துடும். ஆனா 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பலர் பூட்ஸ் இல்லாமலே ஆடினாங்க. யூகோஸ்லாவியாவிடம் 1-10 என செம அடி. அப்போதைய கோச், ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். அஜய் தேவ்கன் நடித்த ‘மைதான்’ இவர் கதைதான்.

1909-ல் பிறந்த ரஹீம் உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடியவர், பிறகு பள்ளி ஆசிரியர். வெறுங்காலில்தான் பந்து சொன்னபடி கேட்கும் என்று பலர் நம்பிய காலம் அது. ஹெல்சிங்கி தோல்விக்குப் பிறகு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

விதி மாறினா போதுமா, ஆட்டமும் மாறணுமே? ரஹீம் நடத்திய போட்டிகளில் விதிகளே வேற. ஒன்றில் டிரிப்பிளிங் கூடாது. இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்கணும். பந்தைப் பாஸ் பண்ணாமல் வித்தை காட்டுறவங்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தித் தங்கம். அப்போதே ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். 1963 ஜூனில் இறந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியா தங்கம் வென்றதே இல்லை.