சென்னையிற் கண்ட சிறு கிரகம்: நார்மன் போக்சன் சரிதம்

திருக்கடையூரில் அமிர்தகடேசுவரர் சந்நிதியில், 60 ஆண்டு நிறைந்தோர் தம் துணைவியருடன் மீண்டும் மணக்கோலம் பூணும் வைபவத்தை நம் சங்கத்து அன்பர் யாவரும் அறிவர். அந்த 60 ஆண்டுக் கணக்கு, குரு என்னும் வியாழன் இராசிச் சக்கரத்தை ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒருமுறையாக ஐந்து முறை சுற்றிவரும் காலத்தையொட்டி அமைந்தது. அவ்வியாழனுக்கும் செவ்வாய்க்கும் இடையே, நம் பஞ்சாங்கங்கள் கணியாத சிறு கிரகங்கள் இலட்சக்கணக்கிற் சூரியனை வலம் வருகின்றன. அவற்றுள் ஆசியாக் கண்டத்தினின்று முதன்முதலிற் காணப்பட்டது, நம் சென்னையிற் காணப்பட்டதேயாம். அதனைக் கண்டவரின் சரிதத்தை நம் குடும்பத்தார் அறியுமாறு இங்கே சுருக்கி எழுதுகின்றோம்.

நார்மன் ராபர்ட் போக்சன் 1829ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரிற் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் ராட்கிளிப் வானிலையத்தில் உதவியாளராயிருந்து, 1856, 1857ஆம் ஆண்டுகளில் மூன்று சிறு கிரகங்களைக் கண்டார். முதலாவதற்கு வழங்கிய ஐசிஸ் என்னும் பெயர் அவர் மகளுக்கும் உரியது. விண்மீன்களின் ஒளியில் ஐந்து படி வேறுபாடு நூறு மடங்குக்குச் சமம் என்று 1856இல் அவர் வகுத்த அளவையே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது.

1861இன் தொடக்கத்தில் அவர் சென்னை நுங்கம்பாக்கம் வானிலையத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் இரவே புதுக் கிரகம் ஒன்று அவர் கண்ணுக்கு அகப்பட்டது. இதனை அதிருஷ்டம் என்று எண்ணுதல் தகாது. சிறு கிரகம் தூரதிருஷ்டிக் கண்ணாடியிலும் ஓர் ஒளிப்புள்ளியாகவே தோன்றும். விண்மீனினின்றும் அதனைப் பிரித்தறிவது அரிது. வானத்தின் ஒரு பகுதியிலுள்ள விண்மீன்களையெல்லாம் படத்திற் குறித்துவைத்துப் பலநாள் ஒப்பிட்டு நோக்கினால், படத்தில் இல்லாததும் இடம் பெயர்வதுமான புள்ளியே கிரகம் என்று துணியலாம். உள்ளவற்றைச் செவ்வையாக அறிந்தவனுக்கே புதியது புலப்படும்.

சிறு கிரக வரிசையில் 67ஆம் எண் பெற்ற அதற்கு, அது காணப்பட்ட கண்டத்தை நினைந்து ஆசியா என்றே பெயரிட்டார். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் குறுக்களவுடைய அது, நாலாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்திற் சூரியனைச் சுற்றுகின்றது. பின்னர் 1864இல் சாப்போ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா ஆகியவற்றையும் சென்னையிலிருந்தே கண்டார்.

அவருடன் உழைத்தோருள் சிந்தாமணி இரகுநாதாசாரியார் சிறந்தவர். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த அப்பெரியார், ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இற் கண்டு புகழ் எய்தினார். போக்சனின் மகள் ஐசிஸும் 1873 முதல் வானிலையத்திற் பணியாற்றினார். எனினும் இலண்டன் இராயல் வானவியற் சங்கம் 1886இல் அவர் பெண் என்பதால் அங்கத்தினராக ஏற்கவில்லை, 1920இலேதான் ஏற்றது.

போக்சன் முப்பதாண்டு உழைத்து, 1891ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் சென்னையிலேயே காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் மாக்ஸ் உல்ப் என்னும் ஜெர்மானியர் புகைப்படத்தின் உதவியாற் சிறு கிரகம் ஒன்றைக் கண்டார். கண்ணாற் பார்த்துத் தேடும் காலம் மங்கலாயிற்று. போக்சன் எழுதிவைத்த கணக்குகளுட் பலவும் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. பின்வந்த மிச்சி ஸ்மித் முதலியோர் முயன்று வெளியிட்டிராவிடின், பல இரவுகளின் உழைப்பு செல்லுக்கு இரையாகியிருக்கும்.

அன்பர்களே! 1792இல் வானிலையத்துக் கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கற்றூண், தமிழ் எழுத்தும் பொறிக்கப்பெற்று, நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கின்றது. சென்னை செல்லுங்கால் நம் சிறுவர் சிறுமியர்க்கு அதனைக் காட்டுக. நம் இல்லங்களில் முன்னோர் எழுதிவைத்த ஏடுகளும் குறிப்புகளும் உளவேல், அவை அழியுமுன் படியெடுத்து வைப்போமாக. காண்பது ஒருவர் கடன். கண்டதைக் காப்பது பின்வந்தோர் கடன்.