காந்திஜியைத் தேடிப் போன நாத்திகர்

கடவுள் இல்லை என்று சொல்கிறவருக்குக் கடவுள் பேச்சில் என்ன வேலை? நம்புகிறவர்கள் நம்பிவிட்டுப் போகட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டால் என்ன?

டீக்கடையிலும் ஆபீசிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. இதற்குத் தன் வாழ்க்கையையே பதிலாகத் தந்த மனிதர் ஒருவர் ஆந்திராவில் இருந்தார். அவர்தான் கோரா.

முழுப் பெயர் கோபராஜு ராமச்சந்திர ராவ். அதன் முதல் எழுத்துக்களைச் சேர்த்துத்தான் கோரா என்று அழைத்தார்கள். 1902-ம் ஆண்டு நவம்பர் 15-ந்தேதி, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த சத்ரபூரில், ஆசாரம் மிகுந்த தெலுங்குப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு, பிழைப்புக்காக ஊர் ஊராகச் சென்றார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. அதன்பின் கோவையில் பருத்தி ஆராய்ச்சிப் பணி. 1927-ல் கொழும்பு ஆனந்தா கல்லூரியில் ஆசிரியர் வேலை.

மதுரையில் இருந்தபோது அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. கிறிஸ்தவராக மாறினால் மேல்படிப்புக்கு அமெரிக்கா அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். கோரா மறுத்துவிட்டார். இந்து மதத்தின் மீதுள்ள பற்றினால் அல்ல. மனதில் இல்லாத நம்பிக்கையை, லாபத்துக்காக இருப்பதாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வீடும் போயிற்று, வேலையும் போயிற்று

1928-ல் சொந்தப் பகுதிக்குத் திரும்பினார். பூணூல் அணியமாட்டேன் என்றார். தந்தை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார். சாதியாரும் தள்ளிவைத்தார்கள். மனைவி சரசுவதி, கைக்குழந்தையோடு அவருடன் புறப்பட்டார்.

சரசுவதி அம்மையாரும் லேசுப்பட்டவர் அல்ல. கர்ப்பமாயிருந்த காலத்தில், கிரகணத்தின்போது எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டிருக்க, அவர் வெளியே வந்து நின்றார். சொற்பொழிவு ஏதும் செய்யவில்லை. நல்லபடியாகப் பிறந்த குழந்தையே மற்றவர்களுக்குப் பதிலாயிற்று.

காக்கிநாடா கல்லூரியில் கோராவுக்கு வேலை கிடைத்தது. கடவுள் பற்றிய தன் கருத்தை மறைக்காமல் வெளியிட்டதால் 1933-ல் அந்த வேலை போயிற்று. அடுத்து மசூலிப்பட்டினம் இந்துக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் அதே தகராறு. 1940-ல் உத்தியோக வாழ்க்கைக்கே முழுக்குப் போட்டுவிட்டு, குடும்பத்துடன் கிருஷ்ணா மாவட்டம் முதுனூர் கிராமத்துக்குப் போனார். அங்கே நாத்திக மையத்தைத் தொடங்கினார்.

குழந்தைகளுக்கு வைத்த பெயர்களிலும் சாமி கிடையாது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த 1930-ல் பிறந்த மகனுக்கு லவணம், அதாவது உப்பு, என்று பெயர். உலக யுத்த காலத்தில் பிறந்த மகன் பெயர் சமரம். ஒன்பதாவது குழந்தையின் பெயர் நவ். ஒன்பது என்பதுதான் பொருள்.

முதுனூரில் கண்டது

முதுனூரில் அவர் முதலில் மேடை போட்டுக் கடவுளைத் திட்டவில்லை. முதியோருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சமபந்தி விருந்துகளை நடத்தினார். அந்த வேலையில்தான், கடவுள் பேச்சிலிருந்து ஒதுங்கி நிற்க முடியாது என்பது அவருக்கு உறுதியாயிற்று.

சேரியில் இருப்பவரைக் கேட்டால், எல்லாம் தலைவிதி என்றார். ஊருக்குள் இருப்பவரைக் கேட்டால், ஆண்டவன் வகுத்த சாதி என்றார். மிதித்தவர், மிதிபட்டவர் இருவருமே ஒரே சாமியைச் சாட்சிக்கு அழைத்தார்கள். சாட்சியை விசாரிக்காமல் வழக்கை எப்படித் தீர்ப்பது? சாமியைப் பற்றிப் பேசாமல் தீண்டாமையைப் பற்றி மட்டும் பேச முடியாது என்று கோரா முடிவு கட்டினார்.

காந்திஜியின் மறுப்பு

தீண்டாமையை ஒழிக்க நாடு முழுவதும் பாடுபட்டவர் காந்திஜி. அவரோ கடவுளிடம் அசைக்க முடியாத நம்பிக்கை உடையவர். ஆகவே, அவருடன்தான் பேசவேண்டும் என்று கோரா நினைத்தார்.

1930-லேயே ஒரு கடிதம் எழுதிக் கடவுள் என்றால் என்ன என்று கேட்டிருந்தார். கடவுள் மனித அறிவுக்கு எட்டாதவர் என்று காந்திஜி பதில் எழுதினார். 1941-ல் மறுபடியும் எழுதி, நேரில் வர அனுமதி கேட்டார். நாத்திகம் எங்கும் வெற்றி பெற்றதில்லை, ஊரில் உமக்குக் கிடைத்த பலன் உமது உண்மையான உழைப்பினால் வந்தது, பேசுவதற்கு எனக்கு நேரமில்லை என்ற கருத்தில் பதில் வந்தது.

காந்திஜிக்கு நாத்திகர்கள் புதியவர்கள் அல்ல. 1891-ல், லண்டனில் சட்டம் படித்த 21 வயது வாலிபராக, சார்லஸ் பிராட்லாவின் சவ அடக்கத்துக்குப் போயிருந்தார். பிராட்லா இங்கிலாந்தின் பேர்பெற்ற நாத்திகர். பார்லிமெண்டில் இந்தியாவுக்காக வாதாடியவர். 1889-ல் பம்பாய் காங்கிரசுக்கு வந்தவர்.

திரும்பும்போது ரெயிலுக்காகக் காத்திருந்த இடத்தில், ஒரு நாத்திகர் அங்கிருந்த பாதிரியாரைப் பிடித்துக்கொண்டார். பூமியின் சுற்றளவு இவ்வளவு என்று ஒப்புக்கொள்கிறீரே, உங்கள் கடவுளின் அளவு என்ன, அவர் இருக்கும் இடம் எது என்று மடக்கினார். கடவுள் நம் இருவர் இதயத்திலும் இருக்கிறார் என்று பாதிரியார் அடக்கமாகச் சொன்னார். அந்தக் காட்சியால் நாத்திகத்தின் மீது தனக்கிருந்த வெறுப்பு அதிகமாயிற்று என்று காந்திஜி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

எதிரே நிற்பவரைத் தலைகுனிய வைப்பதற்காகப் பேசுவது ஒரு வகை. கோரா செய்யவிருந்தது வேறு வகை.

சேவாகிராமத்தில் சந்திப்பு

இடையில் 1942 போராட்டம் வந்தது. கோராவும் சரசுவதியும் சிறைக்குப் போனார்கள். விடுதலைக்குப் பின், 1944-ம் ஆண்டின் கடைசியில், சேவாகிராமத்திலிருந்து அழைப்பு வந்தது.

கடவுள் இல்லாத மனிதருடன் என்ன பேசுவது என்று காந்திஜி வேடிக்கையாகவே ஆரம்பித்தார். கோராவும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பிறகு, கல்கத்தாவில் பஞ்சகாலத்தில் தாம் கண்டதை விவரித்தார். பலகாரக் கடைகளின் வாசலிலேயே பசியால் மக்கள் சுருண்டு விழுந்து செத்தார்கள். எல்லாம் விதி என்ற எண்ணம் கை நீட்டவும் விடாமல் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு போனால், மனிதன் தன் காலில் நிற்பான், பக்கத்தில் இருப்பவனையும் கவனிப்பான் என்பது கோராவின் வாதம்.

காந்திஜி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கவனமாகக் கேட்டார். பேச்சு ஒரு நாளோடு முடியவில்லை. பின்னரும் பலமுறை சந்தித்தார்கள். கோரா காந்திஜியை நாத்திகராக்கவில்லை. காந்திஜி கோராவைப் பக்தராக்கவில்லை. முடிவில், என் ஆத்திகம் சரி என்றோ உமது நாத்திகம் தவறு என்றோ என்னால் சொல்ல முடியாது, நாம் இருவரும் உண்மையைத் தேடுகிறவர்கள் என்ற அளவுக்குக் காந்திஜி இறங்கிவந்தார்.

ஒரு கல்யாணம்

1946-ல் கோரா ஒரு செய்தியுடன் காந்திஜியைப் பார்த்தார். மூத்த மகள் மனோரமாவை, அர்ஜுன ராவ் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞருக்கு மணம் செய்துகொடுக்க நிச்சயித்திருந்தார்.

காந்திஜி மகிழ்ந்தார். இரண்டு ஆண்டு பொறுக்கச் சொன்னார். மாப்பிள்ளை சேவாகிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறட்டும், கல்யாணத்தைத் தாமே ஆசிரமத்தில் நடத்திவைப்பதாக வாக்களித்தார். மணமக்கள் கடவுள் பெயரால் உறுதிமொழி எடுக்க மாட்டார்களே, அதற்கு என்ன செய்வது? கடவுள் என்று வரும் இடத்தில் சத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று காந்திஜியே வழி சொன்னார். சத்தியமே கடவுள் என்று 1931 முதலே சொல்லிவந்தவர் அவர்.

1948 ஜனவரி 30-ந்தேதி காந்திஜி சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆனால் அவர் கொடுத்த வாக்கு சாகவில்லை. ஆறு வாரம் கழித்து, மார்ச் 13-ந்தேதி, சேவாகிராமத்தில் அந்தக் கல்யாணம் நடந்தது. தினமும் பிரார்த்தனை நடக்கும் ஆசிரமத்தில், சத்தியத்தின் பெயரால் இருவரும் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

1960-ல் மகன் லவணத்துக்கும் தெலுங்குக் கவிஞர் ஜாஷுவாவின் மகள் ஹேமலதாவுக்கும் திருமணம் நடந்தது. அதுவும் சாதி பாராத கல்யாணமே. காந்திஜியுடன் நடந்த உரையாடல்களைக் கோரா ஒரு புத்தகமாக எழுதினார். அதை 1951-ல் வெளியிட்டது, காந்திஜி நிறுவிய நவஜீவன் பதிப்பகம்.

பேசிக்கொண்டே போனார்

1947-ல் விஜயவாடாவுக்கு மாறிய நாத்திக மையத்தில் கோராவின் பணி தொடர்ந்தது. மந்திரிகள் எளிமையாக வாழவேண்டும் என்று கோரி 1961-ல் சேவாகிராமத்திலிருந்து டெல்லிக்கு நடந்தே போனார். 1972-ல் விஜயவாடாவில் உலக நாத்திகர் மாநாட்டைக் கூட்டினார்.

1975-ம் ஆண்டு ஜூலை 26-ந்தேதி, விஜயவாடாவில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. வயது 72.

சாமி இல்லை என்கிறவருக்குச் சாமி பேச்சில் என்ன வேலை? சேரிக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் சுவரைக் காக்க அந்தச் சாமியையே நிறுத்தியிருந்தார்கள் என்பதுதான் கோராவின் பதில். அந்தச் சுவரைத் தள்ள அவர் நம்பிக்கையாளர்களையும் கூட்டாளிகளாகத் தேடினார். அவர்களிலே பெரியவரான ஒருவர் கதவைத் திறந்தார். இருவர் கருத்தும் கடைசிவரை ஒன்றாகவில்லை. ஆனாலும் ஒரு கல்யாணம் நடந்தது.