பாப்லோ காசல்ஸ்

பாப்லோ காசல்ஸ் (டிசம்பர் 29, 1876 - அக்டோபர் 22, 1973) ஸ்பெயின் நாட்டின் காத்தலோனியாப் பகுதியைச் சேர்ந்த செலோ இசைக்கலைஞரும் இசை நடத்துநரும் இசையமைப்பாளரும் ஆவார். காத்தலான் மொழியில் இவரது பெயர் பாவ் காசல்ஸ் என்பதாகும். செலோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, உட்கார்ந்து முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வில்லால் இசைக்கப்படும் பெரிய நரம்பிசைக் கருவியாகும். யோகான் செபஸ்தியான் பாக் தனிச் செலோவுக்காக எழுதிய ஆறு இசைத்தொகுப்புகளை முழுமையாக மேடைக்குக் கொண்டு வந்தவர் என்றும், அவை அனைத்தையும் முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தவர் என்றும் காசல்ஸ் அறியப்படுகிறார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை எதிர்த்து வாழ்வின் இறுதி வரை தாய்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர் என்ற வகையிலும் இவர் நினைவுகூரப்படுகிறார்.

இளமை

காசல்ஸ் எல் வெந்திரெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கார்லஸ் அவ்வூர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் பாடகர் குழுவின் ஆசிரியராகவும் இருந்தார். தாய் பிலார் தெபில்யோ, காத்தலான் பெற்றோருக்குப் போர்ட்டோ ரிக்கோத் தீவில் பிறந்தவர். சிறுவயதில் ஊருக்கு வந்த நாடோடி இசைக்குழு ஒன்றைக் கண்டு ஆசைப்பட்ட மகனுக்கு, ஒரே நரம்பு கட்டிய சுரைக்குடுக்கைக் கருவி ஒன்று தந்தையால் கிடைத்தது. உண்மையான செலோவை அவர் முதலில் கேட்டது 11 வயதில்தான். அதன்பின் வேறு கருவியை அவர் நாடவில்லை. தாயின் பிடிவாதத்தால் பார்சலோனா நகர இசைப்பள்ளியில் சேர்க்கப்பட்டார்.

அக்காலத்தில் செலோ மாணவர்கள் வலக்கையை உடலோடு ஒட்டி வைத்தே வில்லை இழுக்கப் பழக்கப்பட்டனர். கை விலகாதிருக்க அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொள்வதும் உண்டு. காசல்ஸ் இதை ஏற்கவில்லை. வில் பிடிக்கும் கையைத் தாராளமாக அசைத்தார். இடக்கையை மேலும் கீழும் தாவவிடாமல் விரல்களை அகலவிரித்துச் சுரங்களை எட்டினார். செலோ இசையில் அதுவரை இயல்பாகக் கருதப்பட்ட, சுரத்துக்குச் சுரம் வழுக்கும் ஓசை இதனால் பெரிதும் குறைந்தது. இன்று எல்லா இடங்களிலும் கற்பிக்கப்படும் முறை ஏறத்தாழ இதுவே ஆகும்.

கல்விச் செலவுக்காக அவர் மாலை வேளைகளில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் வாசித்து வந்தார். அங்கே அவரது வாசிப்பைக் கேட்ட இசையமைப்பாளர் அல்பேனிஸ் தந்த பரிந்துரைக் கடிதம் பின்னர் மாட்ரிட் அரண்மனையின் ஆதரவைப் பெற்றுத் தந்தது. 1899 இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் முன்பும், பாரிசில் லாமூரே இசைக்குழுவுடனும் வாசித்தார். 1905 அளவில் பியானோக் கலைஞர் கோர்த்தோ, வயலின் கலைஞர் திபோ ஆகியோருடன் அமைத்த மூவர் குழு பெரும் புகழ் பெற்றது.

பாக்கின் ஆறு தொகுப்புகள்

1890 இல், 13 வயதில், பார்சலோனாவின் துறைமுகப் பகுதியில் இருந்த பழைய இசைநூல் கடை ஒன்றில் பாக்கின் ஆறு தொகுப்புகளின் அச்சுப்படி காசல்சுக்குக் கிடைத்தது. இவை தொலைந்துபோய் அன்று மீட்கப்பட்டன என்று சிலர் எழுதுவது சரியன்று. 19 ஆம் நூற்றாண்டிலேயே அவை அச்சில் இருந்தன. ஆனால் விரல் பயிற்சிக்கான பாடங்களாகவே பெரும்பாலும் கருதப்பட்டன. துணைக்கருவி இல்லாத செலோ மேடையில் தனித்து நிற்காது என்ற எண்ணத்தில் ராபர்ட் சூமான் இவற்றுக்குப் பியானோ இசையை எழுதிச் சேர்த்தார். காசல்ஸ் சுமார் 12 ஆண்டுகள் பயின்ற பின்னரே மேடையில் வாசித்தார். நடனப் பகுதிகளைத் தனித்தனியே பிய்த்து எடுக்காமல் ஒரு தொகுப்பை முழுமையாக வாசித்ததே அவர் செய்த புதுமையாகும்.

ஒவ்வொரு தொகுப்பும் ஒரு முன்னிசையையும் அதைத் தொடரும் அலமாந்து, கூராந்து, சரபந்து, ஒரு சோடி இலகு நடனங்கள், சீக் ஆகியவற்றையும் கொண்டது. முன்னிசை தவிர மற்றவை அனைத்தும் அக்கால அவை நடனங்களின் பெயரைத் தாங்கியவை. எனினும் இவை ஆடுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. நடனத்தின் தாள அமைப்பு மட்டுமே எஞ்சியுள்ளது.

காசல்ஸ் இவற்றை 1936 நவம்பரில் இலண்டனிலும் (2, 3), 1938 சூனில் பாரிசிலும் (1, 6), 1939 சூனில் மீண்டும் பாரிசிலும் (4, 5) இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கரை நிமிடம் அளவே பதியும். காந்தநாடா வராத காலம் ஆகையால் பிழையை வெட்டி ஒட்டவும் வழியில்லை. அந்தப் பதிவுகளில் கேட்கும் உராய்வும் வில்லின் அழுத்தமும் இதனால் அப்படியே நிலைத்துவிட்டன.

உள்நாட்டுப் போரும் புலப்பெயர்வும்

1920 இல் பார்சலோனாவில் தம் பெயரில் ஓர் இசைக்குழுவைத் தொடங்கிய காசல்ஸ் அதன் செலவின் பெரும்பகுதியைத் தாமே ஏற்றார். 1926 இல் தொழிலாளர்கள் குறைந்த கட்டணத்தில் கேட்பதற்கான இசைச் சங்கம் ஒன்றும் அமைக்கப்பட்டது. 1936 சூலை 18 அன்று பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது இராணுவக் கிளர்ச்சிச் செய்தி வந்தது. இசைக்குழுவினர் இறுதிப் பகுதியை வாசித்து முடித்துவிட்டே கலைந்தனர். 1939 சனவரியில் பார்சலோனா வீழ்ந்தது.

காசல்ஸ் எல்லைக்கு அப்பால் பிரான்சில் உள்ள பிராத் என்னும் சிற்றூரில் தங்கினார். முகாம்களில் அடைபட்ட ஸ்பானிய அகதிகளுக்குப் பணம் திரட்டுவதும் கடிதம் எழுதுவதுமே அவரது அன்றாட வேலையாயின. நாசிகளின் ஆட்சி வந்ததிலிருந்தே செருமனியில் வாசிக்க மறுத்திருந்தார். போர் முடிந்ததும் நேச நாடுகள் பிராங்கோவை அகற்றும் என்று நம்பி 1945 இல் இங்கிலாந்தில் வாசித்தார். அந்த நம்பிக்கை பொய்த்தபோது, பிராங்கோ அரசை ஏற்கும் நாடுகளில் மேடை ஏறுவதில்லை என்று முடிவு செய்தார். தம் தொழிலையே நிறுத்திக்கொள்வதற்கு ஒப்பான முடிவு இது. அவர் வெளியே வராததால் உலகின் இசைக்கலைஞர்கள் அவரைத் தேடி வந்தனர். பாக் மறைந்து 200 ஆண்டுகள் நிறைந்த 1950 இல் வயலின் கலைஞர் அலெக்சாண்டர் சினைடரின் முயற்சியால் பிராத்தில் இசைவிழா தொடங்கியது. போர்க்காலத்தில் விசி அரசுடன் ஒத்துழைத்த கோர்த்தோவுடன் 1958 இல் அவர் அங்கேயே மீண்டும் சேர்ந்து வாசித்தார்.

1950களின் நடுப்பகுதியில் தாயின் பிறப்பிடமான போர்ட்டோ ரிக்கோவில் குடியேறி, 1957 இல் தம் மாணவி மார்த்தா மொந்தானியேசை மணந்தார். அப்போது அவருக்கு வயது 80, மணமகளுக்கு 20. ஐக்கிய அமெரிக்கா பிராங்கோ அரசை ஏற்றிருந்த நிலையில் அதன் ஆட்சிப்பகுதியில் குடியேறியதும், 1961 நவம்பர் 13 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியின் முன் வாசித்ததும் அவரது உறுதிமொழியோடு முற்றிலும் பொருந்துவன அல்ல. கென்னடியின் மீது கொண்ட மதிப்பால் செய்த விலக்காகவே காசல்ஸ் அதைக் கருதினார். 1971 இல் ஐக்கிய நாடுகள் அவைக்காக ஆடன் எழுதிய பாடலுக்கு இசையமைத்து, அவ்வவையின் அமைதிப் பதக்கம் பெற்றார்.

1973 இல் சான் சுவானில் 96 ஆம் வயதில் காலமானார். பிராங்கோ இறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே. 1979 இல் காசல்சின் உடல் எல் வெந்திரெலுக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

ஐந்தாம் தொகுப்பின் சரபந்தும் ஒப்பீடுகளும்

காசல்சின் பதிவுக்குப் பின் இத்தொகுப்புகளைப் பதிவு செய்யாத முன்னணிச் செலோக் கலைஞர் அரிதாகிவிட்டார். ஆகவே ஒரே பகுதியைப் பலர் வாசிப்பில் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுவது இசைப்பிரியர்களிடையே வழக்கமாகியுள்ளது. இதற்கு அதிகம் எடுத்துக்கொள்ளப்படும் பகுதிகளுள் ஒன்று சி மைனர் சுருதியில் அமைந்த ஐந்தாம் தொகுப்பின் சரபந்து ஆகும். சரபந்து மெதுவான முச்சீர்த் தாளம் கொண்டது. வழக்கமாக அதில் இரண்டாவது அடி சற்றுக் கனமாக விழும். பாக்கின் பிற சரபந்துகளில் பல நரம்புகளை ஒருசேர ஒலிக்கும் இடங்கள் நிறைய உண்டு. இதில் அத்தகைய இடம் ஒன்றுகூட இல்லை. ஒற்றை ஒற்றைச் சுரமாக 20 அளவைகள் மட்டுமே. கேட்பவர் மனமே விடுபட்ட சுரங்களை இட்டு நிரப்புகிறது.

வாசிப்புகள் இவ்வளவு வேறுபடுவதற்குக் காரணம் மூலத்திலேயே உள்ளது. பாக் தம் கையால் எழுதிய படி கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனா எழுதிய படியும், கெல்னர் என்பவர் எழுதிய படியும், பிற்காலத்திய வேறு இரு படிகளும் உள்ளன. எந்தச் சுரங்களை ஒரே வில் இழுப்பில் சேர்ப்பது என்பதில் இவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. வேகமும் ஒலியளவும் பெரும்பாலும் குறிக்கப்படவே இல்லை.

காசல்சின் வாசிப்பில் ஒவ்வொரு சுரமும் நீண்டு, அடுத்ததை நோக்கிச் சாய்கிறது. தாளம் வளைந்து கொடுக்கிறது. பியேர் பூர்னியேயின் வாசிப்பு சீரானது, மென்மையானது. அன்னர் பைல்ஸ்மா 1979 இல் பரோக் கால அமைப்புடைய செலோவில் பதிவு செய்தபோது, பாடுவதைவிடப் பேசுவதைப் போன்ற ஓர் ஓசை கிடைத்தது. அதில் நடனத்தின் அடிகளும் தெளிவாகத் தெரிகின்றன. 1990களில் வெளிவந்த ரொஸ்த்ரோபோவிச்சின் பதிவு பரந்த தேவாலயத்தின் எதிரொலியோடு கூடியது. யோ யோ மா மூன்று முறை முழுத்தொகுதியையும் பதிவு செய்துள்ளார். 2002 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் நடந்த நினைவு நிகழ்வில் அவர் வாசித்ததும் இந்தச் சரபந்தே ஆகும்.

காசல்ஸ் இதைப் பதிவு செய்தது பார்சலோனா வீழ்ந்து ஐந்து மாதங்களுக்குப் பின்னர் ஆகும். எனவே அதில் நாடிழந்தவரின் துயரம் ஒலிப்பதாகப் பலர் கூறுவர். ஆனால் பதிவு ஆண்டை அறியாமல் கேட்போருக்கும் அவ்வாறே தோன்றுமா என்பது ஐயத்துக்குரியது. 1936 இல், போரின் முடிவு தெரியாத நிலையில் பதிவான இரண்டாம் தொகுப்பின் சரபந்திலும் இதே கனமும் இதே தயக்கமும் கேட்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம்.