மூளை செல்லுக்குள் ஒரு சின்ன உருண்டை: லூயி பாடியைக் கண்டுபிடித்த டாக்டரின் கதை தெரியுமா?

பினாங்கு லிட்டல் இந்தியாவில் காலையில் பசியாறப் போனால் இப்படி ஒரு தாத்தாவைப் பார்த்திருப்பீங்க. தே தாரிக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகப் போராடுவார். வயசாயிடுச்சு, அதான் நடுக்கம்னு நாமும் கடந்து போயிடுவோம்.

ஆனா எல்லா நடுக்கத்துக்கும் வயசு காரணம் இல்லை. சிலருக்கு அது பார்க்கின்சன்ஸ் நோயாக இருக்கலாம். அந்த நோயாளிகளின் மூளை செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தவர் ஒரு ஜெர்மன் டாக்டர்.

யார் இவர்?

ஃப்ரெட்ரிக் ஹைன்ரிஹ் லூயி, 1885-இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்த பிறகு, மூனிக் நகரில் அல்சைமரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஆமாம், மறதி நோய்க்குப் பெயர் தந்த அதே அல்சைமர்தான்.

இறந்துபோன பார்க்கின்சன்ஸ் நோயாளிகளின் மூளையை மெல்லிய துண்டுகளாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவர் வேலை. சில நரம்பு செல்களுக்குள் இருக்கக் கூடாத உருண்டைகள் இருந்தன. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அந்த அளவு. 1912-இல் அதைப் பற்றி எழுதினார். அப்போது வயது 27.

பெயர் வைத்தது யார்?

அவர் இல்லை. 1919-இல் பாரிஸில் டிரெட்டியாகோஃப் என்ற ஆய்வாளர், உடல் அசைவுக்கு முக்கியமான கருநிறப் பகுதியில் அதே உருண்டைகளைக் கண்டார். முதலில் பார்த்தவரை மறக்காமல், லூயியின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்.

லூயி முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் போனார். திரும்பி வந்து பல வருஷம் உழைத்து, 1932-இல் பெர்லினில் சொந்தமாக ஒரு நரம்பியல் நிலையத்தைத் திறந்தார். அடுத்த வருஷமே ஹிட்லர் ஆட்சி. யூதர் என்பதால் எல்லாம் போச்சு.

இங்கிலாந்து வழியாக அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய், புதிதாக வாழ்க்கையைத் தொடங்கினார். பெயரின் எழுத்தைக்கூட கொஞ்சம் மாற்றிக்கொண்டார். 1950-இல் இறந்தார். உருண்டைகளுக்கு மட்டும் அவருடைய பழைய பெயரே நிலைத்துவிட்டது.

மெட்ராஸ் தொடர்பு

லூயி அமெரிக்காவில் இருந்த அதே காலத்தில், மெட்ராஸில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டார்கள். 1960-களில் அதே பொருள் பார்க்கின்சன்ஸுக்கு முக்கிய மருந்தானது. அதுக்காக விதையை வாங்கி நாமே அரைச்சுக் குடிக்கக் கூடாது. அளவு தவறினால் ஆபத்து.

உருண்டைக்குள் என்ன?

அதுக்குப் பதில் கிடைக்க 1997 வரை ஆச்சு. ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதுதான் லூயி பாடி. அது மூளையின் மேற்பரப்பில் பரவினால் மறதி நோயும் வரலாம். அதுதான் லூயி பாடி டிமென்ஷியா.

நம் வீட்டுக்கு ஏன் முக்கியம்?

இந்த நோய் வந்தவர்களுக்கு இல்லாத ஆட்களோ குழந்தைகளோ கண்ணுக்குத் தெரிவார்கள். இன்று தெளிவாகப் பேசுவார், நாளைக்குக் குழம்புவார். தூக்கத்தில் கை காலை உதறுவார். பேய் பிடிச்சிருக்கு, பைத்தியம் ஆயிட்டார்னு வீட்டில் பேசுவார்கள். அதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று இருக்கு. மாயக் காட்சியை நிறுத்தக் கொடுக்கும் சில மனநல மருந்துகள் இவர்களை மோசமாகப் பாதிக்கலாம்.

அதனால தாத்தா, பாட்டியிடம் இப்படி மாற்றம் தெரிந்தால், எப்போ தொடங்கியது, என்ன பார்த்ததாகச் சொன்னார், தூக்கம் எப்படி என்று எழுதி வைச்சு டாக்டரிடம் காட்டுங்க. லூயி பாடியாக இருக்குமான்னு நேராகவே கேளுங்க. மருந்தை நீங்களே நிறுத்தவும் வேண்டாம்.

உயிரோடு இருப்பவரின் மூளையில் அந்த உருண்டையை மைக்ராஸ்கோப் வைத்துப் பார்க்க முடியாது. டாக்டருக்கு வழிகாட்டுவதில் பெரும் பங்கு, வீட்டில் கூடவே இருந்து நீங்கள் கவனித்துச் சொல்லும் விவரம்தான்.